கட்டிலுக்கடியில் ஒரு வீட்டு மதிப்பீடு

1944ஆம் ஆண்டு ஜனவரி 13, வியாழக்கிழமை. என் கைக்கடிகாரத்தில் மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். அது டோக்கியோ நேரம். ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவின் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டான். சூரியன் கணக்கில் மணி நாலு பன்னிரண்டுதான். மழை விட்டுப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் நான் மலாக்கா கஜா பெராங்கில், எனக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டுக் கூடத்தில், கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, செத்துப்போன ஒருவருக்குப் படைத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஏழு கவளம். எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் இந்தக் கதையைச் சொன்னால் அது பன்னிரண்டாகிறது. என் மருமகன் சொன்னால் ஒரு பானை. எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது நாலு மாதம். காலையில் மூன்று மாத்திரை, இரவில் இரண்டு. நான் போன பிறகு இவர்கள் எந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிவார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதி வைக்கிறேன். (இந்தப் பத்தியை முடிப்பதற்குள் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்தேன். அணைத்திருந்தேன்.)

போருக்கு முன் நான் வீட்டு வரி அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதிகாரி வீடுகளுக்கு மதிப்புப் போடுவார். நான் அளவு நாடாவைப் பிடிப்பேன், எண்ணுவேன், எழுதுவேன். ஜப்பான்காரன் வந்ததும் வேலை போயிற்று. மிஞ்சியவை மூன்று: பித்தளைக் கூட்டுக்குள் சுருளும் அறுபத்தாறு அடி நாடா, வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் கிழங்குச் செடி நூற்று நாற்பது, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி கமலம்.

"அரிசிச் சோறு சாப்பிட்டு எத்தனை நாளாச்சுங்க?" என்றாள் கமலம் ஒருநாள், கிழங்குத் தட்டைத் தள்ளி வைத்தபடி.

"எழுபத்து மூணு."

"நான் பதில் கேக்கல," என்றாள். எனக்கு அன்று அது புரியவில்லை. கேள்வி என்றால் பதில் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

இப்படி இருக்கும்போதுதான் மீனாட்சி என்னைத் தேடி வந்தார். கஜா பெராங்கிலேயே இருக்கும் கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்காரர். அந்தச் செட்டிமார் மலாக்காவில் பல தலைமுறையாக இருப்பவர்கள்; கோயிலும் சாமியும் நம்முடையவை, வீட்டில் பேசுவது மலாய். (அவர்கள் சொன்னதை எல்லாம் நான் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். ‘லா’வை மட்டும் அங்கங்கே விட்டு வைக்கிறேன், அதை எடுத்தால் அவர்கள் பேசின மாதிரி இருக்காது.) மீனாட்சியின் அப்பா இறந்தபோது உயில் எழுதவில்லை. அப்பாவின் வீட்டில் அண்ணன் குழந்தைவேலு பிள்ளை, மனைவி ருக்மணியோடும் மூன்று பெண்களோடும் இருந்தார். மீனாட்சி இரண்டு தெரு தள்ளி. பங்கு கேட்டதில் பேச்சு முற்றி, அண்ணன் கதவைச் சாத்திவிட்டார். தங்கையோ, தங்கை வீட்டு ஆளோ, தங்கை அனுப்பும் ஆளோ வாசல்படி மிதிக்கக் கூடாது. இரண்டு வருடம்.

கோயில் பெரியவர் ஒருவர் நடுவில் வந்து, வீட்டுக்கு ஒரு மதிப்புப் போடுங்கள், அண்ணன் பாதியைக் கொடுக்கட்டும் என்றார். மதிப்புப் போட்டால் எனக்குக் கூலி ஒரு கந்தாங் அரிசி, ஏறக்குறைய மூன்று படி. வாழைமர நோட்டு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அந்த ஜப்பான் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அதன் மதிப்புப் பாதியாகிவிடும்.

"ஆனா அபாங் உள்ள விடமாட்டார்," என்றார் மீனாட்சி. அவர்கள் அண்ணனை அபாங் என்பார்கள்.

"உள்ளே போகவே வேண்டாம்," என்றேன். "நான் எண்ணிடுவேன்."

எண்ணினேன். முன்கூரையில் ஓடு முப்பத்தாறு வரிசை, வரிசைக்கு நாற்பத்தொன்று, ஆக ஆயிரத்து நானூற்று எழுபத்தாறு; அதில் உடைந்தது ஒன்பது. பக்கச் சந்தில் நடந்தேன்: முப்பத்தொரு தப்படி, என் தப்படி இரண்டு அடி ஐந்து அங்குலம், ஆக எழுபத்து நாலு அடி பதினொரு அங்குலம். சன்னல் ஆறு. மூன்றாவது நாள் பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், சட்டைப் பொத்தான் ஐந்தில் இரண்டுதான் இருந்தது.

"கிராணி, அங்க நின்னு என்ன எண்ணுற?"

"ஒண்ணுமில்ல. மேகம்."

"எத்தனை?"

"நாலு."

அவர் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. "நல்லா எண்ணு லா," என்றார். "ஒண்ணு எங்க கூரை மேல ஒளிஞ்சிருக்கும்."

உள்ளே என்ன இருக்கிறது என்பதை மீனாட்சி சொன்னார். பூப்போட்ட தரை ஓடு, செங்கால் மரத் தூண், அப்பாவின் பெரிய கட்டில், கூடத்தில் அப்பா ஒவ்வொன்றாக வாங்கிப் போட்ட பத்துத் தேக்கு நாற்காலிகள். ‘உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை, சொல்லக் கேட்டது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. என் பழைய அதிகாரி அப்படித்தான் எழுதுவார், கொஞ்சமும் வெட்கப்படாமல். எனக்கு இருபத்தாறு வயது. முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்: ‘தேக்கு நாற்காலி 10, நல்ல நிலையில். நேரில் கண்டேன்.’ மொத்த மதிப்பு, போருக்கு முந்திய விலையில், ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி.

கோயிலில் பெரியவர் அதை வாசித்தார். கூரைக்கும் சன்னலுக்கும் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலி வந்ததும் அவர் முகம் மாறியது.

"பத்தையும் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எந்தக் கண்ணால?"

எனக்கு இருப்பது இரண்டு. இரண்டாலும் பார்த்திருக்கவில்லை. பெரியவர் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "பொங்கலுக்குள்ள உள்ள போய்ப் பார்த்த கணக்கா கொண்டுவா. இல்லன்னா நான் இதுல இல்ல."

வெளியே வந்ததும் மீனாட்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெரியவரும் கைவிட்டா அவ்வளவுதான், கிராணி. எனக்கு அண்ணன் இல்லன்னு ஆயிடும்." அப்போதும் நான் என் கந்தாங் அரிசியைப் பற்றித்தான் நினைத்தேன். கமலத்தின் சோறு கைநழுவிப் போயிற்றே என்று. பிறகு மீனாட்சியே ஒரு வழி சொன்னார்.

பொங்கலுக்கு முந்தின நாள் செட்டி வீடுகளில் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். கூடத்தில் இலை போட்டு, பிடித்ததை எல்லாம் வைத்து, கும்பிட்டுவிட்டு, வீட்டார் பின்பக்கம் போய்விடுவார்கள். ஊதுவத்தி எரிந்து முடியும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. செத்தவர்கள் வந்து சாப்பிடும் நேரம். அவர்கள் வரவேண்டுமே, அதற்காக வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விடுவது அந்த வீட்டு வழக்கம்.

"நாலு மணிக்கு," என்றார் மீனாட்சி. "ஒரு ஊதுவத்தி நேரம் உனக்கு."

ஊதுவத்தி ஒன்று எரிய இருபத்தெட்டு நிமிடம். எங்கள் வீட்டில் ஒன்றை ஏற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்த வீட்டுக்குள் செத்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றால் அவர்கள் வழியாகவே போவது என்று முடிவு செய்தேன். மாட்டினால் திருடன். திருடர்களை ஜப்பான்காரன் என்ன செய்தான் என்பதைச் சந்தைப் பக்கம் ஒரு முறை பார்த்திருந்தேன். அதனால் முந்தின நாள் இரவு என் மூச்சைத் தவிர வேறெதையும் எண்ண முடியவில்லை.

சரியாக நாலு மணிக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்தேன். (ஆமாம். இன்னொருவர் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழையும்போதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவன் நான்.) கூடத்தில் யாரும் இல்லை. பயத்தில் வேறெங்கும் பார்க்காமல் நாடாவை இழுத்தேன். அகலம் பதினெட்டு அடி. நீளம் அளக்கத் திரும்பியபோது அடுக்களையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. இலை கழுவும் சத்தம். "அப்பா இலைய முதல்ல எடுத்து வை" என்று ஒரு பெண் குரல்.

அவர்கள் இன்னும் படைக்கவே இல்லை. நான் வந்தது டோக்கியோ நாலு மணிக்கு. அவர்கள் படைப்பது பழைய நாலு மணிக்கு. (பிறகு மீனாட்சி என்னிடம் கேட்டார்: "செத்தவங்களுக்குப் போய் யாரு கடிகாரத்தை மாத்தி வெச்சா?") காலடிச் சத்தம் நெருங்கியது. கட்டில் ஒன்றுதான் மறைவு. உள்ளே உருண்டேன், தொங்கிக்கொண்டிருந்த போர்வை என்னை மூடியது.

ஒன்றரை மணி நேரம் கிடந்தேன். வேலை இல்லாத நேரத்தில் நான் எண்ணுவேன். கட்டிலின் குறுக்குச் சட்டம் பதினொன்று. போர்வைக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி; அதன் வழியே கூடத்துத் தரை தெரிந்தது. மீனாட்சி சொன்ன பூ ஓடு அப்படியே இருந்தது. ஆனால் நாற்காலிக் கால் ஒன்றுகூடத் தெரியவில்லை. சுவர் ஓரமாகத் தரையில் வெளிறிய வட்டங்கள் மட்டும், நாலு நாலாக. எண்ணினேன். நாற்பது.

நாற்பதை நாலால் வகுத்தேன். பத்து. நான் ‘நேரில் கண்டேன்’ என்று எழுதிய பத்து.

வெளிறிய பெரிய சதுரம் ஒன்று, அலமாரி நின்ற இடம். அந்தக் கூடத்தில் கட்டிலைத் தவிர ஒன்றுமே இல்லை. கட்டில் வாசலைவிட நாலு அங்குலம் அகலமாக இருந்ததால் தப்பித்தது. பிள்ளை இரண்டு வருடமாகக் கதவைச் சாத்தி வைத்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊருக்கு மறைக்க அவரிடம் எதுவும் இல்லை, அதைத்தான் மறைத்துக்கொண்டிருந்தார்.

மழை வந்து நின்றது. அதற்குச் சற்று முன் அவர்கள் வந்து இலை போட்டார்கள். மூன்று இலை. இரண்டில் மரவள்ளிக் கிழங்கு. அப்பாவின் இலையில் மட்டும் தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் மிளகாய் அரைத்த சம்பாலும். அந்த இலை கட்டிலை ஒட்டி, என் முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில். கும்பிட்டார்கள். ஊதுவத்தி ஏற்றினார்கள். போய்விட்டார்கள்.

ஓடியிருக்கலாம். இருபத்தெட்டு நிமிடம் இருந்தது. கணக்குப் போட்டேன்: தப்பிக்க ஒரு நிமிடம், நீளம் அளக்க மூன்று, மிச்சம் இருபத்து நாலு. வாசனை எண்பத்தாறு நாள் பசிக்குள் இறங்கியது. ஒரே ஒரு கவளம் என்று கையை நீட்டினேன். அது எப்படி ஏழானது என்பதை எழுதப் படித்த மனிதனாக என்னால் விளக்க முடியவில்லை. எட்டாவதைக் கமலத்துக்கென்று இலை ஓரத்தைக் கிழித்து மடிக்கும்போது பின்கதவு திறந்தது.

போர்க்காலத்தில் ஊதுவத்தியும் தட்டுப்பாடு. ருக்மணி ஒன்றைப் பாதியாக ஒடித்து ஏற்றியிருந்தார். பதினாலு நிமிடம்.

பிள்ளை வந்து இலைக்கு முன்னால் நின்றார். அவருடைய பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. இலையில் சோறு குறைந்திருந்தது. பிறகு முழங்கால் தரையில் பட்டது.

"அப்பா," என்றார். "வந்துட்டியா."

நான் மூச்சை நிறுத்தினேன்.

"நாற்காலி எல்லாம் வித்துட்டேன்ப்பா. பிள்ளைங்களுக்கு அரிசி வாங்க. அலமாரியும் போச்சு. மீனா வந்து பார்த்தா என்ன சொல்லுவான்னுதான் கதவ சாத்தினேன்." முழங்கால் இலைக்கு இன்னும் அருகே நகர்ந்தது. "அவள கூப்பிடவா? கூப்பிடலாம்னா ஒரு சத்தம் குடு."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை நடுங்கியது, நாடாவின் பித்தளைக் கூடு நழுவித் தரையில் விழுந்தது. ‘டங்’ என்று ஒரே சத்தம். (நான் வேண்டுமென்றுதான் போட்டேன் என்று கமலம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். கை நடுங்கியது, அவ்வளவுதான்.) பாதங்கள் எழுந்து வாசலைத் தாண்டி, ஈரத் தெருவில் ஓடின.

பிறகு போர்வை மெல்லத் தூக்கப்பட்டது. ருக்மணியின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"செத்தவங்க செருப்பு போட்டுட்டு வரமாட்டாங்க," என்றார் அமைதியாக. "இடது செருப்புல டெலிபோன் கம்பி கட்டினவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான். கதவ சாத்தும்போதே பார்த்து எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"அக்கா, நான் திருட வரல—"

"தெரியும். எண்ண வந்த. எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்."

"இந்த மனுஷன் வாயால சொல்லமாட்டார். நீயாவது பார்த்துட்டுப் போய்ச் சொல்லுவேன்னுதான் விட்டேன். சோத்துல கை வைப்பேன்னு நெனைக்கல." அவர் இலையைப் பார்த்தார். "தொண்ணூறு நாளா தினம் ஒரு சிட்டிகை எடுத்து வெச்ச அரிசி, கிராணி."

கட்டிலுக்கடியில் தலை குனிய இடமில்லை. இருந்த அளவுக்குக் குனிந்தேன்.

"இப்ப அழாத. அவ வர்றா. இன்னும் பத்து நிமிஷம் செத்தவனாவே இரு." ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே தள்ளிவிட்டுப் போர்வையை இறக்கிவிட்டார்.

அண்ணனும் தங்கையும் வந்தார்கள். வாசலில் மீனாட்சியின் பாதம் தயங்கியது. பிறகு உள்ளே வைத்தது. கூடத்தின் நடுவில் நின்று மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த நாற்பது வட்டங்களையும் அவர் பார்த்திருக்க வேண்டும்.

"நாற்காலிக்கா, அபாங்?" என்றார். "நாற்காலி இல்லன்னா நான் தரையில உக்காரமாட்டேனா?"

உட்கார்ந்தார். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் அழுதார்கள். அடியில் நானும் அழுதேன். எண்பத்தாறு நாளைக்குப் பிறகு உள்ளே போன சம்பாலும், அடக்கின அழுகையும் சேர்ந்து, அந்தப் புனிதமான நேரத்தில் எனக்கு விக்கல் வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்றாவதில் பிள்ளை போர்வையைத் தூக்கிவிட்டார்.

காலைப் பிடித்து இழுத்தார். பூ ஓடு வழுக்கும் என்பதை அளந்து பார்க்காமலே தெரிந்துகொண்டேன். ஒரு கையில் நாடா, மறு கையில் இலைப் பொட்டலம், மீசையில் சோறு. பிள்ளையின் கை ஓங்கியது. மீனாட்சி அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அப்பா வரல," என்றார் பிள்ளை. அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். அதற்கு அறையே வாங்கியிருக்கலாம்.

"நீங்க கூப்பிட வந்தீங்களே," என்றார் மீனாட்சி. "அது யாரு அனுப்பி வந்தது?"

பிள்ளை கையைத் தாழ்த்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சோறு எப்படி இருந்துச்சு?"

பொய் எழுதி ஒருமுறை பட்டதால் உண்மையைச் சொன்னேன். "உப்பு கொஞ்சம் கம்மி."

"உப்பு என்ன விலைன்னு தெரியுமா?" என்றார் ருக்மணி.

பிள்ளையின் உதடு துடித்தது. "அப்பாவும் தெனம் இதத்தான் சொல்லுவார்," என்றார். முதலில் சிரித்தது மீனாட்சி. பிறகு பிள்ளை. கடைசியாக, விக்கலோடு, நான்.

வீட்டுக்கு அப்புறம் மதிப்பே போடவில்லை. பின்னறை மீனாட்சிக்கு என்று அண்ணன் சொன்னார், முடிந்தது. மதிப்பீடு இல்லாததால் கூலியும் இல்லை. எனக்காக வைத்திருந்த அந்த ஒரு கந்தாங் அரிசியை மீனாட்சி மறுநாள் அந்த வீட்டிலேயே பொங்கலுக்குப் போட்டார். எட்டாவது கவளத்தை ருக்மணி என் கையிலிருந்து வாங்கி, அதோடு ஒரு அகப்பை கிழங்கும் வைத்துக் கட்டிக் கொடுத்தார். கமலம் கதை முழுவதையும் கேட்டாள். பிறகு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். "நீங்க ஏழு, எனக்கு ஒண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கும் பதில் தேவையில்லை என்பது எனக்கு அன்று புரிந்தது.

தண்டனையை விதித்தவர் மீனாட்சி. "அப்பா சோத்த சாப்பிட்டா அப்பா வேலைய செய்யணும். அவர் இந்தக் கூடத்துக்கு நாற்காலி வாங்கிப் போட்டவர். வருஷத்துக்கு ஒண்ணு, பத்து."

1945இல் ஒரு முக்காலியோடு போனேன். கால் ஒன்று குறைகிறது, கணக்கில் சேராது என்று தீர்ப்பாயிற்று. சண்டை முடிந்து 1946இல் முதல் நாற்காலி. ஒவ்வொரு பார்ச்சுக்கும் பெச்சா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு போவேன்; தெருவே எண்ணும். 1955இல் பத்தாவதை இறக்கியபோது பிள்ளை அதைச் சுவரோரம் போட்டு, என்னை அதில் உட்காரச் சொன்னார்.

இப்போது அந்த வீட்டில் பிள்ளைக்கும் ருக்மணிக்கும் மீனாட்சிக்கும் இலை போடுகிறார்கள். கதவைச் சாத்துவதற்கு முன் யாராவது ஒருவர் கட்டில் போர்வையைத் தூக்கி, "கிராணி, உள்ள இருக்கீங்களா?" என்று கேட்பது சடங்கில் சேர்ந்துவிட்டது. நான் பின்பக்கத்திலிருந்து "இல்ல" என்று குரல் கொடுத்த பிறகுதான் ஊதுவத்தி ஏற்றுவார்கள். எங்கள் வீட்டிலோ, யாராவது நாலு மணிக்கு வருகிறேன் என்றால் என் மகள் உடனே கேட்பாள்: "டோக்கியோ நாலா, சாமி நாலா?" அன்று கமலம் சாப்பிட்டதில் வயிற்றிலிருந்த தனக்கும் பங்குண்டு, ஆகவே தானும் அந்தச் சோற்றுக் கடன்காரி என்பது அவள் வாதம், ஆனால் ஒரு நாற்காலிக்கும் காசு கொடுத்ததில்லை.

செலவுக் கணக்கு இதோ. நாற்காலி பத்துக்கு எண்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு. பெச்சாக் கூலி தடவைக்கு அறுபது காசாகப் பத்துத் தடவைக்கு ஆறு வெள்ளி. முக்காலியைச் சேர்க்கவில்லை. ஏழு கவளச் சோற்றின் விலை, மொத்தம் தொண்ணூற்று இரண்டு வெள்ளி ஐம்பது காசு.